அந்த எட்டு வெள்ளி யாருடையது?



தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. இரவு மணி பத்தைத் தாண்டிவிட்டது. வரவேற்பறையின் ஒரு மூலையில் தையல் இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பகலில் வேலைக்குச் செல்லும் ஒரு தாய், இரவில் சிறுமிகளுக்கான பட்டுப் பாவாடை, சட்டை தைத்து இணையச் சந்தையில் விற்கிறார். படம் எடுப்பது, விலை போடுவது, வருகிற கேள்விகளுக்குப் பதில் அனுப்புவது எல்லாம் அவருடைய பதினைந்து வயது மகனின் பொறுப்பு. இவர்கள் ஓர் உதாரணத்துக்காகச் சொல்லப்படுகிறவர்கள்தாம். ஆனால் இப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ உண்டு என்பது நேயர்களுக்குத் தெரியும்.

ஒரு பாவாடை, சட்டையின் விலை 80 வெள்ளி. துணிக்கு 38 வெள்ளி. உள்துணி, ஜரிகை, நூல் எல்லாம் சேர்த்து 7 வெள்ளி. அனுப்பும் செலவு 5 வெள்ளி. இணையச் சந்தைக்குச் செலுத்த வேண்டிய கட்டணம், கணக்குக்காகப் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், 8 வெள்ளி. மிஞ்சுவது 22 வெள்ளி. இரண்டு இரவுகளின் உழைப்புக்கு அதுதான் கூலி.

அந்த நேரத்தில் கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வருகிறது. "அக்கா, தளத்தில் வாங்கினால் உங்களுக்கு 72 வெள்ளிதானே கிடைக்கும்? 75 வெள்ளி பேநவ் வழியாக அனுப்பிவிடுகிறேன். உங்களுக்கு மூன்று வெள்ளி கூடுதல், எனக்கு ஐந்து வெள்ளி மிச்சம். உங்கள் நம்பரை மட்டும் அனுப்புங்கள்."

கணக்கில் பிழையே இல்லை. விற்பவருக்கு 3, வாங்குபவருக்கு 5. ஆக 8 வெள்ளி. இருவருக்கும் லாபம். மகன் உற்சாகமாகத் திரும்பி, "சரின்னு போட்டுடவா அம்மா?" என்று கேட்கிறான்.

அந்தத் தாய் என்ன பதில் சொல்ல வேண்டும்? இன்றைய உரை இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

கட்டணம் பிறந்த கதை

இணையத்தில் வாங்கி விற்கும் பழக்கம் இன்று சர்வசாதாரணம். லசாடா 2012ஆம் ஆண்டிலும், ஷாப்பி 2015ஆம் ஆண்டிலும் இந்த வட்டாரத்தில் தொடங்கின. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பயின்ற மூன்று இளைஞர்கள் தொடங்கிய கரோசெல் தளமும் 2012ஆம் ஆண்டில் பிறந்ததே. ஆனால் சந்தைக்குக் கட்டணம் எப்படி வந்தது என்பதை அறிய இன்னும் பின்னால் போக வேண்டும்.

1995ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பியர் ஒமிட்யார் என்ற கணினி நிரலாளர், ஓய்வு நேரத்தில் ஓர் ஏலத் தளத்தை உருவாக்கினார். அதற்கு அப்போது வைத்த பெயர் ஆக்‌ஷன்வெப். அதுதான் பிறகு ஈபே ஆனது. சோதனைக்காக அவர் ஏலத்தில் வைத்தது, பழுதாகிப்போன ஒரு லேசர் சுட்டி. அது 14 டாலர் 83 காசுக்கு விலைபோனது. தொடக்கத்தில் அங்கு எதற்கும் கட்டணம் கிடையாது.

கூட்டம் பெருகியது. 1996ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவருக்கு இணையச் சேவை வழங்கிய நிறுவனம் மாதக் கட்டணத்தை 250 டாலராக உயர்த்தியது. சொந்தப் பையிலிருந்து கொடுக்க அவரால் இயலவில்லை. எனவே விற்ற தொகையில் ஒரு சிறு பங்கைத் தமக்கு அனுப்பும்படி விற்பனையாளர்களைக் கேட்டுக்கொண்டார்.

கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்தது. அன்று தானாகக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் இல்லை. விற்றவர் அவராகவே பணத்தை அனுப்பினால்தான் உண்டு. அனுப்பாவிட்டால் தேடிப் பிடிப்பதற்கு ஆளும் இல்லை. ஆனால் தபால் உறைகள் வரத் தொடங்கின. காசோலை வைத்த உறைகள். சில்லறை நாணயங்களை அட்டையில் ஒட்டி வைத்த உறைகள். அவற்றைப் பிரித்துக் கணக்கு எழுதவே ஓர் ஆளை வேலைக்கு அமர்த்த வேண்டியதாயிற்று. இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் ஒரு தொழில், முன்பின் தெரியாதவர்கள் நேர்மையாக ஒட்டி அனுப்பிய சில்லறைக் காசில் எழுந்தது என்றால் அது மிகையாகாது.

கட்டாயப்படுத்த யாரும் இல்லாதபோது அந்த மனிதர்கள் ஏன் அனுப்பினார்கள்? அந்த இடம் இல்லாவிட்டால் தங்கள் பொருளை வாங்க ஒருவர் கிடைத்திருக்க மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பயன் கிடைத்தது, விலையைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

ஒரு காசுக்குப் பொருள், ஐம்பது டாலருக்குத் தபால்

எல்லாரும் அப்படியே இருந்துவிடவில்லை. ஈபே வளர்ந்த காலத்தில் ஒரு தந்திரமும் கூடவே வளர்ந்தது. அங்கு விற்பனைக் கட்டணம் பொருளின் விலையைக் கொண்டே கணக்கிடப்பட்டது. அனுப்பும் செலவுக்குக் கட்டணம் இல்லை. இதைப் புரிந்துகொண்ட சிலர், ஐம்பது டாலர் பொருளுக்கு ஒரு காசு விலை போட்டார்கள். அனுப்பும் செலவு ஐம்பது டாலர் என்று எழுதினார்கள். வாங்குபவர் கொடுக்கும் மொத்தத் தொகை ஏறக்குறைய அதேதான். தளத்துக்குப் போக வேண்டிய பங்கு மட்டும் காணாமல் போனது.

முடிவு என்ன ஆயிற்று? 2011ஆம் ஆண்டில் அமெரிக்க ஈபே தன் விதியை மாற்றியது. பொருளின் விலை, அனுப்பும் செலவு இரண்டும் சேர்ந்த மொத்தத் தொகைக்குக் கட்டணம் என்று ஆக்கியது. தந்திரக்காரர்களின் வழி அடைபட்டது உண்மை. ஆனால் தபால் நிலையத்தில் கொடுத்த தொகையை மட்டும் வாங்குபவரிடம் கேட்டுவந்த நேர்மையான விற்பனையாளர் நிலை என்ன? அவரும் அன்று முதல் தபால் செலவுக்குச் சேர்த்துக் கட்டணம் கட்ட வேண்டியதாயிற்று.

கட்டண ஏய்ப்பைப் பற்றிப் பேசும்போது மறக்கக் கூடாத பாடம் இது. ஏய்த்தவர் தப்பித்துக்கொண்ட காசு காற்றில் கரைந்துவிடுவதில்லை. அது சுற்றி வந்து, ஏய்க்காதவரின் கணக்கில் ஏறுகிறது.

மூன்று சமாதானங்கள்

உட்லண்ட்ஸ் வீட்டுக்குத் திரும்புவோம். மகன் பொறுமை இழந்து காத்திருக்கிறான். அவன் தாயிடம் மூன்று சமாதானங்களைச் சொல்லக்கூடும். மூன்றுமே பெரியவர்களும் சொல்பவைதாம்.

முதலாவது, "அது பெரிய கம்பெனி அம்மா. எட்டு வெள்ளி போனால் அவர்களுக்கு என்ன?"

ஃபேர்பிரைஸ் பேரங்காடியும் பெரிய நிறுவனம்தான். அங்கு எட்டு வெள்ளி காப்பித்தூள் பாக்கெட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வர அந்தத் தாய்க்கு மனம் வருமா? கைதான் நீளுமா? அங்கே தவறு என்று தெரிவது, இங்கே தவறாகத் தெரியாததற்குக் காரணம் ஒன்றுதான். பாக்கெட் கண்ணுக்குத் தெரிகிறது. சேவை கண்ணுக்குத் தெரிவதில்லை. பாவாடையைத் தேடிய பெண்ணை அதைத் தைத்த பெண்ணின் பக்கத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு சேவை. பழைய வாடிக்கையாளர்களின் பாராட்டுகளைச் சேர்த்து வைத்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு நம்பிக்கை ஊட்டியது ஒரு சேவை. பொருள் கைக்கு வரும் வரை பணத்தைப் பிடித்து வைத்திருப்பதும் ஒரு சேவை. முதல் இரண்டும் ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்டுவிட்டன. கூலி கேட்கும் நேரத்தில்தான் பின்வாசல் வழியாக வெளியேறும் யோசனை வருகிறது.

இரண்டாவது, "வாங்குகிறவரும் சம்மதிக்கிறார், விற்கிறவரும் சம்மதிக்கிறார். பிறகு என்ன தப்பு?"

இந்தச் சமாதானம் கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் இங்கே இருப்பவர்கள் இரண்டு பேர் அல்ல, மூன்று பேர். நம் சமூகத்துக்கு நன்கு பழக்கமான ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். கல்யாணத் தரகர் ஒருவர் வீடு வீடாக ஏறி இறங்கி, ஜாதகத்தைக் கொண்டுவந்து கொடுத்து, இரண்டு குடும்பங்களையும் அறிமுகம் செய்து வைக்கிறார். பெண் பார்த்தாயிற்று. இரு வீட்டாருக்கும் பிடித்துவிட்டது. அப்போது இரு வீட்டாரும் கூடிப் பேசி, "இந்த இடம் சரிப்படவில்லை" என்று தரகரிடம் சொல்லிவிட்டு, ஆறு மாதம் கழித்துச் சத்தமில்லாமல் திருமணத்தை முடித்துக்கொள்கிறார்கள். இரு வீட்டாருக்கும் முழுச் சம்மதம்தான். ஆனாலும் தரகர் ஒரு நாள் அந்தத் தம்பதியரைத் தேக்காவில் கடைத்தெருவில் பார்த்துவிட்டால், தலையைக் குனிய வேண்டியது யார்?

இருவர் சம்மதித்தால் தங்கள் சொத்தை விட்டுக்கொடுக்கலாம். மூன்றாமவருக்குச் சேர வேண்டியதை இருவரும் சேர்ந்து விட்டுக்கொடுக்க முடியாது.

மூன்றாவது, "எல்லாருந்தான் செய்கிறார்கள். நாம் மட்டும் ஏன் இளிச்சவாயராக இருக்க வேண்டும்?"

எல்லாரும் செய்வதில்லை. அதே சந்தையில், அதே தீபாவளிக்கு, அதே போன்ற பாவாடையைத் தைத்து விற்கும் வேறொரு பெண் தெம்பனிசிலோ ஜூரோங்கிலோ இருப்பார். அவர் எட்டு வெள்ளியை முணுமுணுத்துக்கொண்டாவது கட்டுகிறார். உட்லண்ட்ஸ் பெண் 75 வெள்ளிக்குக் கொடுத்தால், வாடிக்கையாளர் அவரிடம் போகமாட்டார். பெரிய நிறுவனத்தோடு மோதுவதாக நினைத்துக்கொண்டு செய்கிற காரியத்தில், உண்மையில் அடிபடுவது இன்னொரு தையல் இயந்திரம்தான்.

திருக்குறளில் வணிகத்தைப் பற்றி வள்ளுவர் எங்கே பேசுகிறார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். பொருட்பாலில் இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் வணிகருக்கு உரிய ஒழுக்கத்தைச் சொல்லும் குறளை, அறத்துப்பாலில், நடுவுநிலைமை என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்திருக்கிறார் அவர். வியாபாரம் தராசோடு சம்பந்தப்பட்டது என்பதைவிட, தராசைப் பிடிக்கும் மனத்தோடு சம்பந்தப்பட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

எது ஏய்ப்பு, எது உரிமை?

இப்படிச் சொன்னவுடன், கட்டணம் இல்லாமல் விற்பதே பாவம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கட்டணத்தைத் தவிர்ப்பது வேறு, ஏய்ப்பது வேறு.

சமூக மன்றத்தில் நடக்கும் விற்பனைச் சந்தையில் ஒரு மேசை எடுத்து விற்கலாம். கோயிலில் பார்த்துப் பழகியவர்களிடம் சொல்லி விற்கலாம். சொந்தமாக ஓர் இணையப் பக்கம் தொடங்கி விற்கலாம். இவற்றில் எந்தத் தளத்துக்கும் ஒரு காசு கட்ட வேண்டியதில்லை. வாடிக்கையாளரைக் கண்டுபிடிக்கும் பாட்டை விற்பவரே படுகிறார். அதனால் கட்டணமும் அவருக்கே மிச்சம்.

கரோசெல் போன்ற தளங்கள் சில, வாங்குபவரும் விற்பவரும் எம்ஆர்டி நிலையத்திலோ வீட்டுக்குக் கீழேயோ சந்தித்து, பொருளைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறையைத் தாங்களே அனுமதிக்கின்றன. அப்படி நடக்கும் விற்பனையில் கட்டணம் இல்லை என்றால், அது தளமே திறந்து வைத்த வாசல். அதன் வழியாகப் போவதில் குற்றம் எதுவும் இல்லை.

கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று ஒரு தளத்தை விட்டுவிட்டு, கட்டணம் குறைந்த இன்னொரு தளத்துக்கு மாறுவது வியாபாரியின் முழு உரிமை. 72 வெள்ளிக்குக் கட்டுப்படியாகாது என்றால் 80 வெள்ளியை 85 வெள்ளி ஆக்குவதும் உரிமைதான்.

ஏய்ப்பு எங்கே தொடங்குகிறது? கட்டணம் கட்டுவதாக ஒப்புக்கொண்டு ஓர் இடத்தில் கடை விரித்து, அந்த இடத்தின் வழியாக வந்த வாடிக்கையாளரை, அந்த விற்பனைக்கே வெளியே அழைத்துச் செல்லும்போது தொடங்குகிறது. தொலைபேசி எண்ணை எழுத்தாகப் போட்டால் தளம் தடுத்துவிடும் என்று, அதைப் படத்துக்குள் ஒளித்துப் போடும்போது தொடங்குகிறது. தளத்தில் வந்த கோரிக்கையை, "சரக்கு இல்லை" என்று பொய்க் காரணம் சொல்லி ரத்து செய்துவிட்டு, அதே சரக்கை அதே ஆளுக்கு அன்று மாலையே அனுப்பும்போது தொடங்குகிறது.

இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. செய்வதைத் தளத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குத் தெரியும்படியாகச் செய்ய முடியுமா? முடியும் என்றால் அது உரிமை. மறைத்தால்தான் நடக்கும் என்றால், பெயர் எதுவானாலும் அது ஏய்ப்புதான்.

இடையில் ஒரு சிக்கலான கேள்வியும் உண்டு. ஒரு முறை தளத்தில் வாங்கிய வாடிக்கையாளர், அடுத்த தீபாவளிக்குத் தாமாகவே தேடி வந்து, நேரடியாகக் கேட்டால் என்ன செய்வது? வாடிக்கையாளர் எந்தத் தளத்தின் சொத்தும் அல்லர். தையல் பிடித்துப்போய் அவர் திரும்பி வருகிறார் என்றால், அந்த நன்மதிப்பு தைத்த கைக்கு உரியது. முதல் விற்பனைக்கான கட்டணம் முறையாகக் கட்டப்பட்டுவிட்டது. ஆனால் பொட்டலத்துக்குள் முகவரி அட்டை வைக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டு சேர்ந்திருந்தால், அட்டை வைக்கக் கூடாது. அந்த விதி நியாயமற்றது என்று வாதாடலாம். ஆனால் ஒப்புக்கொண்டபின் ஒளித்து மீறுவது வாதம் ஆகாது.

கட்டணத்தோடு வரியையும் சிலர் குழப்பிக்கொள்வதுண்டு. வெளிநாட்டிலிருந்து விமானத்திலோ தபாலிலோ வரும் 400 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கும் 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து சிங்கப்பூரில் பொருள், சேவை வரி உண்டு. 2024ஆம் ஆண்டு முதல் அந்த வரி 9 விழுக்காடு. "ரசீதில் விலையைக் குறைத்துப் போட்டு அனுப்புங்கள்" என்று வெளிநாட்டு வியாபாரியிடம் கேட்பது, ஒரு நிறுவனத்துக்குச் சேர வேண்டியதை மறைப்பதோடு நிற்பதில்லை. பொது மக்களின் கருவூலத்திலிருந்து எடுப்பதாகும். அதைச் சட்டமும் சும்மா விடாது.

எட்டு வெள்ளியோடு வெளியே போவது என்ன?

அறம் ஒரு பக்கம் இருக்கட்டும். பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதே!

ஷாப்பி போன்ற தளங்களில் வாங்குபவர் கொடுக்கும் பணம் உடனே விற்பவருக்குப் போவதில்லை. தளம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பொருள் வந்து சேர்ந்ததை வாங்கியவர் உறுதிசெய்த பிறகோ, அதற்குரிய கெடு முடிந்த பிறகோதான் விடுவிக்கிறது. பொருள் வராவிட்டால், உடைந்து வந்தால், வேறு பொருள் வந்தால் முறையிட ஓர் இடம் இருக்கிறது. 75 வெள்ளியைப் பேநவ் வழியாக அனுப்பியவருக்கு அந்த இடம் இல்லை. பணம் சில விநாடிகளில் போய்விடும். திரும்பி வருமா என்பது அனுப்பப்பட்டவரின் மனத்தைப் பொறுத்தது.

விற்பவருக்கும் ஆபத்து உண்டு. பணம் அனுப்பிவிட்டதாகப் பொய்யான திரைப் படத்தைக் காட்டிப் பொருளை வாங்கிச் செல்லும் மோசடி இங்கு பழையது. தளத்துக்குள் நடந்திருந்தால் பேச்சு, பணம், அனுப்பிய நாள் எல்லாம் பதிவாகியிருக்கும். வெளியே நடந்ததற்கு அங்கு சாட்சி கிடையாது.

இணையச் சந்தை மோசடிகளில் அடிக்கடி கேட்கும் முதல் வாக்கியமே, "வெளியே முடித்துக்கொள்ளலாமா, விலை குறைத்துத் தருகிறேன்" என்பதுதான். கட்டணத்தை மிச்சம் பிடிக்க அழைப்பவரும் மோசடிக்காரரும் ஒரே வார்த்தையைத்தான் பேசுகிறார்கள். கேட்பவருக்கு வேறுபாடு எப்படித் தெரியும்? நல்லவர்கள் அந்த வார்த்தையைப் பேசிப் பேசி அதைச் சாதாரணமாக்கிவிட்டால், மோசடிக்காரருக்கு அதைவிட நல்ல மறைவிடம் கிடைக்காது.

2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் எல்லா வகை மோசடிகளிலும் சேர்த்து 110 கோடி வெள்ளிக்கு மேல் பறிபோனது. அதற்கு முன்பே, 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், இணையச் சந்தைகளுக்குப் பரிவர்த்தனைப் பாதுகாப்புத் தரமதிப்பீடு வழங்கும் முறையை அரசாங்கம் அறிமுகப்படுத்தியது. விற்பவர் யார் என்று தளம் சரிபார்க்கிறதா, பணத்தைப் பாதுகாப்பாகக் கைமாற்ற வழி இருக்கிறதா என்பன போன்றவை அதில் பார்க்கப்படுகின்றன. ஆனால் தளத்தை விட்டு வெளியே போய்விட்டவருக்கு, அந்தத் தளம் எத்தனை உயர்ந்த மதிப்பீடு பெற்றிருந்தாலும் பயன் இல்லை.

சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம். விற்பனைத் தகராறு என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் நாடலாம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை, அங்கு கோரலாம். ஆனால் எதிர்த்தரப்பு யார், எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும். புனைபெயரும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும் மட்டும் கையில் இருந்தால் யார்மீது வழக்குப் போடுவது?

நடுவில் இருப்பவருக்கும் நடுவுநிலைமை வேண்டும்

இவ்வளவும் கேட்டபின், தளம் நடத்தும் நிறுவனங்களுக்கு ஆதரவாகவே பேசுவதுபோல் தோன்றலாம். அவர்களுக்கும் கடமை இருக்கிறது. கட்டணம் வாங்குகிற கை, பொறுப்பையும் வாங்க வேண்டும்.

கியூடென் தளத்துக்கு நேர்ந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2024ஆம் ஆண்டில், விற்ற பொருளுக்கான பணம் வந்து சேரவில்லை என்று வணிகர்கள் பலர் புகார் கூறினார்கள். செப்டம்பர் மாதத்தில் அந்தத் தளத்தின் கட்டணச் சேவைகளை நிறுத்திவைக்கும்படி சிங்கப்பூர் நாணய ஆணையம் உத்தரவிட்டது. நவம்பரில் அந்நிறுவனத்தைக் கலைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. விதிப்படி நடந்து, கட்டணம் கட்டி, தளத்துக்குள்ளேயே விற்ற சிறு வணிகர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். "உள்ளே இருந்தால் பாதுகாப்பு" என்று சொல்லும்போது, இந்த வேதனையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம்பிப் பிடித்து வைக்கக் கொடுத்த பணம் நம்பியவருக்கே கிடைக்காமல் போவது, எட்டு வெள்ளி ஏய்ப்பைவிடப் பல மடங்கு பெரிய தவறு.

ஆகவே தளங்கள் கட்டணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முதலில் இலவசம் என்று அழைத்து, விற்பனையாளர் வேரூன்றிய பிறகு படிப்படியாக ஏற்றும்போது, போதிய முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். இரவில் தைத்து விற்கும் ஒரு தாயையும் பெரிய மொத்த வியாபாரியையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. மாதத்துக்கு நான்கைந்து பொருள் மட்டும் விற்பவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தால் நிறுவனம் கெட்டுவிடாது. ஏய்ப்பும் தானாகவே குறையும்.

இவற்றைக் கேட்கும் உரிமை விற்பனையாளர்களுக்கு உண்டு. தனித்தனியாகக் கேட்டால் காதில் விழாது. ஒன்றுகூடிக் கேட்டால் விழும். ஆனால் "கட்டணம் அதிகம்" என்று தலை நிமிர்ந்து சொல்லும் வலிமை, அதைக் கட்டுகிறவருக்குத்தான் உண்டு. இரவில் பின்வாசல் வழியாகப் போனவர், பகலில் முன்வாசலில் நின்று நியாயம் கேட்க முடியாது.

தாயின் பதில்

உட்லண்ட்ஸ் வீட்டில் மகன் இன்னும் காத்திருக்கிறான். அவன் கேட்டது ஒரு சிறிய கேள்வி. ஆனால் அவன் அன்றிரவு கற்றுக்கொள்ளப் போவது எட்டு வெள்ளிப் பாடம் அல்ல. நாளை அவன் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பான். யாராவது ஒருவர் அவனிடம் வந்து, "இருவருக்கும் லாபம், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது" என்று சொல்லும் நாள் வரும். அந்த நாளுக்கான பதிலை அவன் அம்மா இன்று எழுதப் போகிறார்.

அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கைத்தொலைபேசியை வாங்கி, தாமே எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "தங்கச்சி, தளத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அளவு சரியில்லை என்றால் உங்களுக்கும் கேட்க வசதியாக இருக்கும். விலை 80 வெள்ளிதான். தீபாவளிக்கு முன் கட்டாயம் அனுப்பிவிடுவேன்."

அந்தப் பெண் வாங்கலாம், வாங்காமலும் போகலாம். வாங்காவிட்டால் 22 வெள்ளி நட்டம். அது அந்த வீட்டுக்குச் சிறிய தொகை இல்லை. நேர்மைக்கு விலை இல்லை என்று மேடையில் சொல்வது எளிது. உண்மையில் அதற்கு விலை உண்டு. சில வேளைகளில் வருமானம் குறைந்தவர்கள்தாம் அதை முதலில் கொடுக்கிறார்கள். அதனால்தான், வாங்கும் நிலையில் இருப்பவர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து வெள்ளி மிச்சம் பிடிப்பதற்காக, இரவு பத்து மணிக்குத் தைத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதே பெரிய உதவி.

அடுத்த மாதம் அந்தத் தாய் உட்கார்ந்து கணக்குப் போட்டு, விலையை 85 வெள்ளி ஆக்கலாம். அல்லது அந்தத் தளமே வேண்டாம் என்று, சமூக மன்றச் சந்தையில் ஒரு மேசை எடுக்கலாம். இரண்டும் அவர் விருப்பம். இரண்டையும் அவர் மகனுக்குத் தெரியும்படியாகச் செய்யலாம்.

இந்தத் தீபாவளிக்கு இணையத்தில் பொருள் வாங்கப்போகும் நேயர்களும், விற்கப்போகும் நேயர்களும், "வெளியே முடித்துக்கொள்ளலாமா?" என்ற செய்தியை அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் நிதானித்தால் போதும்.